உச்சி முகர வந்தவர்கள்

மிதுஷா பிறந்து மூன்றரை மாதத்துக்குள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான அந்த லயக்காம்பராவுக்கு வந்து சேர்ந்த பிள்ளைக்கூடைகள் பதினொன்று. ஒவ்வொரு கூடையிலும் ஒரு சோப்பு, ஒரு பவுடர் டப்பா, ஒரு கிரீம், ஒரு எண்ணெய், ஒரு கொலோன் போத்தல். மேலே கண்ணாடித் தாள், அதன்மேல் ரோஸ் நிறத்தில் ஒரு ரிப்பன் பூ. பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் கையை வீசிக்கொண்டு போவதில்லை. மூன்று வேளையும் வெறும் ரொட்டியைக் கடித்தாவது கூடை வாங்கிவிடுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மனசுதான். கூடையோடு அந்த மனசு நின்றுவிடுகிறதா என்றால், அதுதான் இல்லை.

கூடை கொடுத்தவர்கள் அடுத்த முறை வரும்போது பிள்ளையைத் தூக்கி உச்சி முகர்வார்கள். ஆசையாகத்தான் முகர்வார்கள், யார் இல்லை என்றது? முகர்ந்துவிட்டு, "இது நாங் குடுத்தது இல்லியே, யாரு குடுத்தது?" என்று ஒரு கேள்வி. அதற்குப் பிறகு முகம் ஒரு மாதிரி போய்விடும். அந்த முகத்தைப் பிள்ளையின் தாத்தா ரெங்கசாமியால் தாங்க முடியாது. முப்பத்தெட்டு வருஷம் தோட்டத்தில் வேலை செய்து, அதில் பதினாறு வருஷம் சங்கத்துத் தலைவராக இருந்து ஓய்ந்தவர் அவர். பெரிய தொரைக்கு முன்னாலேயே கழுத்து வளையாத மனுசன் என்று பேர். ஆனால் வாசலுக்கு வந்தவர்களின் முகம் வாடினால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆகவே அவருடைய மருமகள், மிதுஷாவின் தாய் துஷாந்தினி ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். கீழ் லயத்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் கீழ் லயத்துக் கூடையிலிருந்து கொலோன். மேல் லயம் என்றால் மேல் லயத்துக் கிரீம். சனிக்கிழமை தவறாமல் ஹாலிஎலயிலிருந்து நாத்தனார் யோகராணி வருவாள். அவள் கொடுத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய கூடை. அன்றைக்குக் காலையில் அவளுடைய சோப்பில் குளிப்பாட்டி, அவளுடைய பவுடரைக் கழுத்து மடிப்பெல்லாம் அப்பி வைப்பாள். மாமனார் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றுகொண்டு, "யோகா பஸ்ஸ விட்டு எறங்கிட்டாம்மா, கொலோன் பூசியாச்சா?" என்று குரல் கொடுப்பார். வெலிமடை மரக்கறி லொறி ஓட்டும் புருஷன் ரஜீவ் வீட்டுக்கு வருவது கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, ஒரு நாள்தான். அவனுக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் தெரியாது. தன்னைப்போல கெட்டிக்காரி இந்த டிவிசனில் இல்லை என்று துஷாந்தினிக்கு ஒரு நினைப்பு இருந்தது. தேயிலைக் கொழுந்து எடுப்பதில் அது உண்மையும்கூட.

பிள்ளையின் தோலுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒத்துவரவில்லை. முதலில் முழங்கை மடிப்பு சிவந்தது. பிறகு கழுத்து. பிறகு இரண்டு கன்னமும் சொரசொரத்து, இடது கன்னத்தில் நீர் கசிய ஆரம்பித்தது. பால் குடிக்கும்போதுகூட நிறுத்தி நிறுத்தி முகத்தைத் தேய்த்து அழுதது பிள்ளை. அடுத்த காம்பராக்காரி அக்கி என்றாள். எதிர்க் காம்பராக்காரன் கண்ணேறு என்றான். வாய் இருக்கிறவர்கள் எல்லாம் வைத்தியர்கள்தானே.

பிரசவ லீவு முடிந்த திங்கட்கிழமை, விடியக்காலையிலேயே இடுப்பில் படங்குச் சாக்கும் தலையில் துண்டும் கட்டிக்கொண்டு, மிதுஷாவைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள் துஷாந்தினி. மலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. அங்கே இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளை பார்க்கிறவள் நல்லம்மா. இடுப்பளவு உயரமான கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பிள்ளையின் தொப்பியை விலக்கிப் பார்த்தவள், கையை இழுத்துக்கொண்டாள்.

"அட ஆண்டவனே, என்னாடி இது?"

"கொஞ்சம் செவந்திருக்கு அக்கா. சரியாப் போயிரும்."

"கொஞ்சமா? உள்ள பதினாலு பிள்ளைக இருக்கு. சொறியா இருந்து ஒட்டிக்கிட்டா, பதினாலு தாய்மாரும் என்னயத்தான் வெட்டிப் போடுவாளுக. மிட்வைஃப் மிஸ்கிட்ட சொறி இல்லன்னு துண்டு எழுதி வாங்கிட்டு வா. துண்டு இல்லாம கேற்று தெறக்காது."

"இன்னைக்கு வேலைக்குப் பேர் போடணும் அக்கா."

"போடு, யாரு வேணாம்னா? பிள்ளைய எங்க போடுவ?"

வயசான மாமனாரிடம் நாள் முழுக்க விட்டுப்போக முடியாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் பால் வேண்டும், வீட்டிலிருந்து மலையோ மைல் கணக்கில் ஏற்றம். அந்த வீட்டில் தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தில் இருப்பது துஷாந்தினியின் பேர் மட்டும்தான். குடியிருக்கிற காம்பரா அந்தப் பேர்மேல்தான் நிற்கிறது. காலையில் வேலைக்குப் பேர் எடுக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை சிவஞானம் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு கிழமை சமாளிச்சுக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல தங்கச்சி."

"ரெண்டு கிழமை போதும் அண்ணே," என்றாள் துஷாந்தினி. எதை வைத்து அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் அவளிடம் கிடையாது.

புதன்கிழமை நிறுவைக் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் ஷஹீலா பிள்ளையை உடுப்பில்லாமல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்குகளைப் பார்த்தார், உள்ளங்காலைப் பார்த்தார். வீட்டில் வேறு யாருக்கும் சொறி உண்டா என்று கேட்டார்.

"இது சொறி மாதிரி தெரியல்ல. என்னென்ன பூசுறீங்க?"

துஷாந்தினி சொல்ல ஆரம்பித்தாள். ஐந்தாவது கூடைக்கு வரும்போதே மிஸ் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"பிள்ளையா, கடை அலுமாரியா? எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. மணமில்லாத கிரீம் ஒன்னே ஒன்னு. இளஞ்சூட்டுத் தண்ணில ஊறப் போடாம கெதியாக் குளிப்பாட்டி, துடைக்காம ஒத்தி எடுத்து, ஈரம் காயுறதுக்குள்ள பூசுங்க. ரெண்டாவது திங்கள் காலையில கொண்டாங்க. ஆறி இருந்தா துண்டு தாறேன். கூடினா காத்திருக்க வேணாம், நேர பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

மறுநாள் பண்டாரவளைக்கு பஸ் ஏறினாள். கடைவீதி ஏற்றத்தில் முஹ்ஸினாவின் பிள்ளைச் சாமான் கடை. பிரிக்காத நான்கு கூடைகளை உரப்பையில் போட்டுக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். முஹ்ஸினா மூக்குக்கண்ணாடியைத் தூக்கி ரிப்பனைப் பார்த்தார்.

"அல்லாஹ்வே, இதெல்லாம் என்ட கையால கட்டினதல்லவா?"

"ஆமாங்க. அதான் உங்ககிட்டயே கொண்டாந்தேன்."

துஷாந்தினி பிள்ளையின் கன்னத்தைக் காட்டினாள். முஹ்ஸினா குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு கடைப்பையனைத் தேநீர் வாங்கி வர அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"உண்மையச் செல்றேன் மகள், கோபிக்கப்படாது. நான் கூடை கட்டக்குள்ள நல்லா மணக்கிறதாப் பாத்துத்தான் வைக்கிற. ஏன் தெரியுமா? வாங்க வாற ஆக்கள் பிள்ளைக்கு வாங்குறதில்ல. பிள்ளைய மோந்து பாக்குற ஆக்களுக்கு வாங்குற."

"அப்ப பிள்ளைக்குன்னு வாங்குறவங்களுக்கு என்ன குடுப்பீங்க?"

முஹ்ஸினா சிரித்துவிட்டார். குனிந்து, அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு வெள்ளைக் குழாயை எடுத்தார். படமில்லை, பூவில்லை, பார்த்தால் ஒட்டுப்பசைக் குழாய் மாதிரி இருந்தது. "அழகில்லாததால இது கூடைக்குப் போறதில்ல," என்றார். பிறகு பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்துக் காட்டினார். "இங்க பாருங்க. ஃப்ரேக்ரன்ஸ் எண்டோ பார்ஃபம் எண்டோ ஒரு சொல் ஈக்கப்படாது. மணமே தெரியாட்டியும் நம்பாதீங்க. ஒரு மணத்த மறைக்க இன்னொரு மணம் போடுற ஆக்களும் ஈக்காங்க. எழுத்த வாசிங்க. முன்னால ஈக்கிற படத்தப் பாக்காதீங்க."

துஷாந்தினி சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். அந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி, மேலிருந்து கீழ்வரை, விரலை நகர்த்தி நகர்த்தி வாசித்தாள். பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். நிற்கட்டும் என்று வாசித்தாள்.

"இன்னொண்டு," என்றார் முஹ்ஸினா. "நல்லதெண்டாலும் எடுத்த உடனே முழுக்கப் பூசப்படாது. முழங்கால் பக்கம் நல்ல தோலாப் பாத்து ஒரு பொட்டு, ரெண்டு நாள் பாருங்க. சரி, உங்களுக்கு நீங்க என்ன பூசுற?"

"எனக்கா?" துஷாந்தினி தன் கன்னத்தைத் தொட்டாள். முகப் பவுடர், வெடிப்புக் கைக்கு ஒரு ரோஜாக் கிரீம், தலைக்கு மல்லிகை எண்ணெய்.

"பிள்ள உங்கட கன்னத்துலதானே கன்னத்த வைக்கிது? பிள்ளைக்கு ஒண்டு, உம்மாவுக்கு ஒண்டு எண்டு ரெண்டு தோல் இல்ல மகள்."

பிரிக்காத நான்கு கூடைகளையும் முஹ்ஸினா திரும்ப எடுத்துக்கொண்டு, இரண்டு பெரிய குழாய்க் கிரீமும், மணமில்லாத ஒரு சோப்பும், மீதிக்கு வெள்ளைப் பருத்தித் துணியும் கொடுத்தார். ரிப்பன் பூக்களை மட்டும் துஷாந்தினியிடம் நீட்டி, "இது பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது," என்றார்.

வீட்டில்தான் கச்சேரி ஆரம்பமானது. பிரித்த ஏழு கூடைகளின் சாமான்களை எல்லாம் துஷாந்தினி ஒரு தகரப் பெட்டிக்குள் அடுக்கி மூடும்போது ரெங்கசாமி கழுத்து மப்ளரை இறுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இத்தனை வீட்டு மனச பொட்டியில போட்டு மூடுறியேம்மா. நாளைக்கு வந்து கேட்டா என்னா சொல்றது?"

"மனசுக்கு மருந்து நீங்க சொல்லுங்க மாமா, உங்களுக்குத்தான் பேசத் தெரியும். தோலுக்கு நான் பாத்துக்கிறேன்."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் தன் பேச்சைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் அதற்குள் இருந்ததால் முழுக்கக் கோபப்பட முடியவில்லை. பிள்ளையைத் தூக்கி இடது தோளில் சாய்த்துக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய்விட்டார். வலது கையில் எப்போதும் ஊன்றுதடி. ஆகவே பிள்ளைக்கு இடது தோள். வேலை ஓய்ந்தபிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை அதுதான். மலையில் மூடுபனி இறங்குகிறவரை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பழைய வேலைநிறுத்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டு நடப்பார். பிள்ளையும் கேட்கும்.

முழங்காலில் வைத்த பொட்டு இரண்டு நாளில் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் முழுக்கப் பூசினாள். தானும் பவுடரை விட்டாள், எண்ணெயை விட்டாள், கையிலும் அந்தப் பிள்ளைக் கிரீமையே தடவினாள். உடுப்புகளை மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் இரண்டு தரம் அலசினாள். அந்தச் சனிக்கிழமை அடைமழை, யோகராணி வரவில்லை. அதுவும் ஒரு புண்ணியம். அடுத்த செவ்வாய்க்கிழமை பார்த்தால் முழங்கை மடிப்பு வெளுத்துவிட்டது. கழுத்து ஆறிவிட்டது. வலது கன்னம் பன்னுப்போல மினுமினுத்தது. இடது கன்னம் மட்டும் அப்படியே சிவந்து, காது மடல்வரை சொரசொரத்துக் கிடந்தது.

துஷாந்தினி பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு யோசித்தாள். மலையில் ஒரு தேயிலைச் செடியில் ஒரு பக்கத்து இலை மட்டும் கொப்புளித்திருந்தால், செடியைக் குறை சொல்ல மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். இந்த இடது கன்னத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? 'பிள்ள உங்கட கன்னத்துலதானே கன்னத்த வைக்கிது' என்று முஹ்ஸினா கேட்டது நினைவுக்கு வந்தது. தன் கன்னம் சரி. வேறு யார் கன்னம்?

குனிந்து பிள்ளையின் உச்சியை முகர்ந்தாள். மூன்றரை மாதத்தில் அவள் அப்படி முகர்ந்ததே இல்லை. ஏழு கூடை வாசமும் போய்விட்ட அந்தத் தலையில் ஒரே ஒரு வாசம் மிச்சம் இருந்தது. காரமாக, மூக்கில் ஏறுகிற வாசம். தைலம்.

அந்தக் குளிருக்கு லயம் முழுக்க அந்த வாசம்தான், அதனால் யாருக்கும் அது ஒரு வாசமாகவே படுவதில்லை. ரெங்கசாமி காலையும் மாலையும் தொண்டையிலும் நெஞ்சிலும் தைலத்தை அரக்கித் தேய்த்து, மேலே மப்ளரைச் சுற்றுகிறவர். இடது தோளில் கிடக்கிற பிள்ளையின் இடது கன்னம் நேரே அந்தக் கழுத்தில்தான் போய் ஒட்டும்.

சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? பிள்ளையைத் தொடாதே என்று அந்த மனுசன் காதில் விழுந்துவிட்டால் அவருக்கு அப்புறம் என்ன இருக்கிறது? ஆனால் திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்தான். தேங்காய் ரொட்டியும் காரமான கட்டச்சம்பலும் வைத்து, பால் போடாத சாயத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, பிள்ளைய நீங்க எப்பவும் போல தூக்கணும். அதுல மாத்தம் இல்ல. ஆனா தைலம் வேணாம்."

ரொட்டி பிய்த்த கை நின்றது.

"என்னாம்மா சொல்ற?"

"இடது கன்னம் உங்க கழுத்துலதான் படுது. தைலம் அதுக்கு எரியுது."

"நாப்பது வருஷமா போடுறேன். ரஜீவையும் யோகாவையும் இந்தத் தோள்லதான் வளத்தேன். அதுகளுக்கு எரியலியே?"

"அதுகளுக்கு எரிஞ்சிச்சோ என்னமோ மாமா. அப்ப யாரு பாத்தா?"

அவர் சாயத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கவில்லை. அது அழுதபோதும் பீலிக்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோளில் ஏறிப் பழகிய பிள்ளை அவரைப் பார்த்துப் பார்த்துக் கையை ஆட்டியது. துஷாந்தினிக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொன்னதை அவள் திரும்பப் பெறவில்லை.

மறுநாள் விடியும்போது காம்பராவுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம். பெரிய கிடாரத்தில் சுடுதண்ணீர் ஆவி பறக்க, ரெங்கசாமி குளித்துக்கொண்டிருந்தார். கழுத்தைத் தேய் தேய் என்று தேய்த்தார். அவர் கையில் இருந்தது மிதுஷாவின் மணமில்லாத சோப்பு, பாதி கரைந்திருந்தது.

"என்னாம்மா சோப்பு இது," என்று இருமலுக்கு நடுவே கத்தினார், "நொரையே வருதில்ல!"

மப்ளரும் கம்பளிச் சட்டையும் மூன்று அலசு அலசிக் கொடியில் தொங்கின. தைலப் போத்தலை எதிர்க் காம்பராக்காரனுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். துடைத்துக்கொண்டு வந்து, இடது தோளைக் காட்டினார். துஷாந்தினி பிள்ளையைச் சாய்த்தாள். அன்றிலிருந்து அவர் இருமல் லயத்துக் கடைசிக் காம்பராவரை கேட்டது. அதற்கு ரெண்டு வேளை கொத்தமல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை யோகராணி வந்தாள். வந்ததும் வராததுமாகப் பிள்ளையை வாங்கி உச்சி முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"என்னா மதினி, ஒன்னுமே பூசலியா? நாங் குடுத்த கூடை எங்க?"

துஷாந்தினி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து இருமிக்கொண்டே ரெங்கசாமி வந்தார். வந்தவர்கள் முகம் வாடக்கூடாது என்று அத்தனை கொலோனுக்கும் காவல் இருந்த அதே மனுசன்.

"மோந்து பாக்கணும்னா பூக்கடைக்குப் போ யோகா. பிள்ளையப் பாக்கணும்னா கன்னத்தப் பாரு. வெளங்குதா?"

யோகராணி பார்த்தாள். போன முறை நீர் கசிந்த இடம் அடங்கி, தோல் கொஞ்சம் உலர்ந்து மட்டும் இருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. "நாங் குடுத்ததாலயா?" என்றாள்.

"ஒன்னால மட்டுமா? ஊரே சேந்து குடுத்தோம். நான் கழுத்தால குடுத்தேன்," என்றார் அப்பன்காரர்.

துஷாந்தினி அலுமாரிமேலிருந்து அந்தப் பெரிய கூடையை எடுத்துக் காட்டினாள். உள்ளே பருத்தித் துணிகள், கிரீம் குழாய், பிள்ளையின் தொப்பி. பிடியில் ரோஸ் ரிப்பன் நான்கு. "திங்கக்கிழமையில இருந்து தினமும் பிள்ளைக்காம்பராவுக்குப் போறது உங்க கூடைதான் யோகா. வேற கூடை இவ்ளோ பெருசு இல்ல." யோகராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். பெரிசு என்ற ஒரு சொல் போதும் அவளுக்கு.

திங்கள் காலையில் மிஸ் ஷஹீலா கன்னத்தைத் தடவிப் பார்த்து, துண்டு எழுதிக் கொடுத்தார். நல்லம்மா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேற்றுக் கொண்டியை எடுத்தாள்.

"அக்கா, கூடையில இருக்கிற கிரீம் மட்டுந்தான். உங்க பவுடர் வேணாம். பிள்ளையத் தூக்குறவங்க யாரா இருந்தாலும் தைலம், சென்ட் கூடாது. மோந்து பாத்துட்டுக் குடுங்க."

"யாரா இருந்தாலும்னா? ஒங்க மாமனாருமா?"

"அவருந்தான்."

"அடியேய், அந்தத் தலைவர் கழுத்த நான் மோந்து பாக்கவா? பெரிய தொரைக்கே வளையாத கழுத்துடி அது!"

துஷாந்தினி சிரித்துக்கொண்டே மலைக்கு ஏறினாள். மூன்றரை மாதத்துக்குப் பிறகு விரல்கள் கொழுந்தைத் தாமாகவே தேடிப் பிடித்தன. பகல் கொழுந்து நிறுத்துப் போட்டதும், பால் கட்டிய நெஞ்சோடு குறுக்குப் பாதையில் ஓடி இறங்கினாள். பிள்ளைக்காம்பராவுக்கு மேலே உள்ள படியில் கால் நின்றுவிட்டது.

கேற்றுக்கு வெளியே ரெங்கசாமி நின்றார். உள்ளே நல்லம்மா, இடுப்பில் மிதுஷா. ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்ல முடியாமல் நல்லம்மா நெளிந்துகொண்டிருந்தாள். அவள் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. ஊன்றுதடியைக் கேற்றில் சாய்த்தார். மப்ளரைக் கழற்றித் தோளில் போட்டார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு அந்த இடுப்பளவு கேற்றுக்கு மேலாகக் கழுத்தை வளைத்து, தலையைத் தாழ்த்தினார்.

"மோந்து பாரு நல்லம்மா."

நல்லம்மா முகர்ந்தாள். "வேர்வ நாத்தந்தான் வருது தலைவரே," என்றாள்.

"அது பிள்ளைக்கு ஒத்துக்கும். குடு."

படியில் நின்ற துஷாந்தினி தலைத் துண்டால் கண்ணைத் துடைத்தாள். நல்லம்மா பிள்ளையை அந்தத் தோளில் சாய்த்தாள். மிதுஷா தன் இடது கன்னத்தை அவர் கழுத்தில் வைத்து ஒரு தரம் தேய்த்துப் பார்த்தது. பிறகு தேய்க்காமல் அப்படியே கிடந்தது.